முதல் ஊசி யாருக்கு?

தமிழ்நாட்டில் வெறிநாய் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் விசர்நாய் என்கிறார்கள். ஆனால் இரு கரையிலும் மூத்தவர்களுக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகள். வடக்கே கசௌலியில் 1911இல் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட மருந்து அது. நம் குன்னூரிலும் தயாரானது. சிலருக்கு நரம்புப் பாதிப்பையே கொடுத்த அந்த மருந்தை இலங்கை 1995இல் கைவிட்டது. இந்தியா கைவிட 2004 ஆயிற்று.

இந்த ஒன்பது ஆண்டைவிட, நாய்களைக் கையாண்ட விதத்தில்தான் வித்தியாசம் பெரிது. 1973இல் இலங்கையில் 377 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார்கள். எழுபதுகளின் நடுவில் நாய்களுக்கு ஊர் ஊராகத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நாய்களைப் பிடித்துக் கொல்வதும் கூடவே நடந்தது. 2006இல் அரசு அதை நிறுத்தியது. அதன் பிறகும் சாவுகள் பழைய நிலைக்கு ஏறவில்லை, அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ஐம்பதுக்குக் கீழேதான். கொல்லப்பட்ட நாயின் தெருவுக்கு ஊசி போடாத வேறொரு நாய் வந்துவிடும். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டிருந்தால் கிருமி தொடர்ந்து பரவ வழியில்லை.

இந்தியாவின் 2001 விதிகள், தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடச் சொன்னன. நல்ல விதிதான். ஆனால் அறுவைக்கு மருத்துவர் வேண்டும், கூண்டு வேண்டும், சில நாள் பராமரிப்பு வேண்டும். ஒரு நிமிட ஊசி அந்த வரிசையில் காத்துக் கிடந்தது. நம் பணமும் கவனமும் கடிபட்டவரின் கையில் போடும் ஊசிக்கே போயின. சின்னத் தீவோடு இவ்வளவு பெரிய நாட்டை ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். கோவாவைப் பார்க்கலாம்: 2013 முதல் தெருத்தெருவாக நாய்களுக்கு ஊசி போட்டு, 2021இல் நோய் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

கீரிக்கும் நரிக்கும் இந்நோய் உண்டு, இரு நாட்டிலும். காட்டோரத்தில் அவற்றுக்கு இது பெரும்பாலும் நாயிடமிருந்தே போகிறது. எது கடித்தாலும், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் கூடாது.

இலங்கையிலும் வேலை முடியவில்லை. மூன்று மாதம் ஆகாத நாய்க்குட்டிக்கும் ஊசி போடலாம், போட வேண்டும். “குட்டிதானே, பல்லு லேசாப் பட்டுச்சு” என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள்.