அடுத்தடுத்துப் படித்த மூன்று

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் ஆசிரியரின் குரல் ஓரிடத்திலும் உயர்வதில்லை. குடமும் வாளியுமாக அலையும் ஜமுனாவையும் சாயாவையும், தோண்டிப்போட்ட சென்னைத் தெருவையும் சின்னச் சின்ன வாக்கியங்களில் வைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். படிக்கிற நமக்குத்தான் இடுப்பு வலிக்கிறது. இந்தச் சிக்கனம் லேசில் கைகூடுவதில்லை.

அந்தக் கையோடு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எடுத்தேன். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவதுபோல அவசரமே இல்லாத நடை. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களை மளமளவென்று சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் ஒருவர் ஏட்டில் எழுதும் பகுதிகளில் எழுத்தாணி ஓலையைக் கீறும் சத்தம் காதில் விழுகிறது. சாப்பாடு, வழிநடை, பணமுடை என்று எதையும் உ.வே.சா. விடவில்லை. எனக்கும் ஒன்றைக்கூடத் தாண்டிப்போக மனம் வரவில்லை. பெரிய புத்தகம் என்று சிலர் இதை ஒதுக்கிவைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ வேறு ருசி. குட்டிக் கட்டுரைகள், அவர் கையாலேயே வரைந்த படங்கள். நாம் கண்டுகொள்ளாமல் போகும் உயிர்களை மணிக்கணக்கில் பார்த்தவரின் தெளிந்த தமிழ். எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் கொடுப்பேன்.