யானையை மாற்றிக்கொள்ளலாமா? குண்டனி நாட்டில் லிச்செஸ் எண்ட்கேம் பயிற்சி

செஸ் பழகச் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. பாதி ஓப்பனிங் சொல்லித்தரும், மீதி புதிர் போடும். பலகையில் ராஜாக்களும் நாலைந்து காய்களும் மட்டும் மிஞ்சி நிற்கும் எண்ட்கேமைப் பொறுமையாகப் பழக்கிவிடும் இலவசச் செயலி எது என்று கேட்டால், நான் லிச்செஸைத்தான் சொல்வேன். அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

சோதித்துப் பார்த்த இடம் கொல்லிமலை, குண்டனி நாடு. அக்கா வீட்டைச் சுற்றிக் காப்பியும் மிளகும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு தீரும் முன்பே அக்கா மகன் பலகையை விரித்துவிடுவான். ஒன்பதாவது படிக்கிறான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிகளில் கிளம்பிய செஸ் ஜுரம் அவனை இன்னும் விடவில்லை. நடு ஆட்டத்தில் குதிரையையோ பிஷப்பையோ அழகாக வெட்டிவிடுவான். அப்புறம் ஒரு மணி நேரம் போராடி ஆட்டத்தை டிரா ஆக்கிக் கொடுப்பான். ஓப்பனிங் வீடியோவாகப் பார்த்துத் தள்ளும் பிள்ளைகள் பலருக்கும் இதே வியாதிதான்.

போன் பழைய ஆண்ட்ராய்டு. ராம் 3 ஜிபி. வீடு பள்ளத்தில் இருப்பதால் சிக்னல் திண்ணையில் ஒரு கோடு, மேட்டில் ஏறினால் மூன்று கோடு. மழை மாதங்களில் அதுவும் சொல்வதற்கில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு செயலி தாங்குமா என்பதும் விமர்சனத்தில் சேர்த்திதான்.

லிச்செஸை 2010-இல் தொடங்கியவர் பிரான்சைச் சேர்ந்த திபோ டுப்ளெஸி. இன்றும் லாப நோக்கற்ற அமைப்பாக, நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது, ‘பிரீமியம்’ என்று பூட்டிவைத்த அறையும் கிடையாது. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் விளம்பரம் இல்லாததன் அருமை தனியாகத் தெரியும். பாதிப் பாடத்தில் முப்பது விநாடி வீடியோ வந்து குதிக்காது.

எண்ட்கேமுக்கு வேண்டியது ‘பிராக்டிஸ்’ என்ற பகுதி. செயலிக்குள் தேடி அலையாமல் போன் பிரவுசரில் திறந்துகொள்வது சுலபம். செக்மேட் செய்யும் முறைகள், சிப்பாய் எண்ட்கேம், யானை எண்ட்கேம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு நிலையைப் பலகையில் வைத்து வேலை ஒன்றைக் கொடுக்கும்: இத்தனை நகர்த்தலுக்குள் மேட் செய், சிப்பாயை ராணியாக்கு, டிராவைக் காப்பாற்று. எதிரே ஆடுவது ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின். தவறினால் உடனே சிவப்பு, மறுபடி முதலிலிருந்து. படித்துத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது, ஆடித்தான் ஆக வேண்டும். புத்தகத்தால் செய்ய முடியாத காரியம் இது. டுவோரெட்ஸ்கியின் எண்ட்கேம் புத்தகம் உலகப் புகழ் பெற்றதுதான், ஆனால் பள்ளிப் பையனுக்கு அது தலையணைக்குத்தான் ஆகும்.

சிப்பாய்ப் பாடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெள்ளை ராஜா இ1-இல், வெள்ளைச் சிப்பாய் இ2-இல், கறுப்பு ராஜா இ8-இல், வெள்ளை ஆட வேண்டும். வேறு காய் எதுவும் இல்லை. பையனின் கை யோசிக்காமல் சிப்பாயைத் தூக்கி இ4-இல் வைத்தது. ஓடி ராணியாக வேண்டிய காய்தானே! ஆனால் அந்த ஒரு நகர்த்தலில் வெற்றி போய்விட்டது. கறுப்பு ராஜா இ7, இ6, இ5 என்று வந்து வழியை மறித்துக்கொள்ளும், அதற்கப்புறம் டிராதான். சரியான நகர்த்தல் ராஜா டி2. அடுத்து இ3, அடுத்து இ4. சிப்பாய் வீட்டிலேயே இருக்கட்டும், ராஜா முன்னால் போகட்டும். இ2 சிப்பாய்க்கு டி4, இ4, எஃப்4 மூன்றும் சாவிக் கட்டங்கள். அதில் ஒன்றில் ராஜா ஏறிவிட்டால், யார் முறையாக இருந்தாலும் ஆட்டம் வெள்ளைக்கு. சிப்பாய் இ4 போய்விட்டால் சாவிக் கட்டங்களும் டி6, இ6, எஃப்6 என்று எட்டாத தூரத்துக்குப் போய்விடுகின்றன. பையன் செய்த தவறு இதுதான், சாவியைத் தன் கையாலேயே தள்ளி வைத்தான். ஓரச் சிப்பாய்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதையும் பாடத்திலேயே பிடித்துவிடலாம்.

இதையே தோற்கும் பக்கத்திலிருந்தும் ஆடிப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் இ6, ராஜா இ5, கறுப்பு ராஜா இ7. கறுப்பு பின்வாங்க வேண்டும். டி8, இ8, எஃப்8 மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். இ8 மட்டுமே டிரா, மற்ற இரண்டும் தோல்வி. நேர் பின்னால் போனால்தான் வெள்ளை ராஜா எந்தப் பக்கம் ஏறினாலும் அதற்கு நேர் எதிரே போய் நிற்க முடியும். இதை நான் வாயால் சொன்னபோது பையன் ‘சரி மாமா’ என்றான், சொன்னதோடு சரி. எஞ்சின் டி8-க்குத் தண்டனை கொடுத்த பிறகுதான் புரிந்தது.

ராணியால் மேட் செய்யும் பாடமும் அருமை. எதிராளியின் ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்துக்கொண்டு, அது நகர நகரப் பின்தொடர்ந்தால் தானாக ஓரத்துக்குப் போய்விடும். மூலைக்கு வந்ததும் இந்த வித்தை விஷமாகிவிடும். கறுப்பு ராஜா எச்8, நம் ராணி ஜி6. குதிரைத் தாவல் தூரம்தான். ஆனால் ராஜாவுக்குப் போக ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அரைப் புள்ளி போச்சு. பள்ளிப் போட்டிகளில் ஒரு ராணி அதிகம் வைத்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டு அழும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்த மூலைதான் காரணம்.

யானைப் பாடங்களில்தான் செயலியின் முதல் குறை தலைகாட்டியது. லூசெனா நிலை என்று ஒன்று உண்டு. நம் சிப்பாய் ஏழாவது வரிசையில், ராஜா அதற்கு முன்னால் எட்டாவதில் அடைபட்டு நிற்கும். வெளியே வந்தால் எதிரி யானை செக் மேல் செக் வைக்கும். தீர்வு, நம் யானையை முதலில் நாலாவது வரிசைக்குக் கொண்டுவருவது. பிறகு ராஜா இறங்கி வந்து, கடைசிச் செக்கின்போது யானை குறுக்கே வந்து மறைத்துக்கொள்ளும். பாலம் கட்டுவது என்பார்கள். (லூசெனாவின் புத்தகம் வந்தது 1497-இல். அதில் இந்த நிலையே இல்லை. 1634-இல் சால்வியோ எழுதியதில்தான் இருக்கிறது. பெயர் மட்டும் லூசெனாவுக்குப் போய்விட்டது.)

ஸ்டாக்ஃபிஷ் இதை மனிதர்போல எதிர்த்து ஆடாது. தோல்வி உறுதி என்று அதற்குத் தெரியும். செக்மேட்டை நாலு நகர்த்தல் தள்ளிப்போட முடியும் என்றால் யானையைக்கூடச் சிப்பாய்க்குக் கொடுத்துவிடும். “மாமா, கம்ப்யூட்டரு ஏன் யானையச் சும்மா குடுக்குது?” என்று கேட்டான் பையன். பாலம் கட்டாமலேயே பாடத்தில் தேறிவிட்டான். அடுத்த போட்டியில் எதிரே உட்காரும் பையன் யானையைச் சும்மா கொடுக்க மாட்டான், செக் வைத்துக்கொண்டே இருப்பான். ஆகவே இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் போனை ஓரம் வைத்துவிட்டு, அட்டைப் பலகையில் நான் தோற்கும் பக்கம் ஆடி, விடாமல் செக் கொடுத்தேன். ஃபிலிடோர் தற்காப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே டிரா காக்க வேண்டியது நாம். தற்காப்பவர் தன் மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்தி எதிரி ராஜாவை ஏறவிடாமல் வைத்திருக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானை எதிர் முனைக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். எஞ்சின் இதை ஒழுங்காகவே சோதிக்கிறது.

அடுத்து டேபிள்பேஸ். அனாலிசிஸ் பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழோ அதற்குக் குறைவாகவோ காய்கள் இருந்தால், ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியா டிராவா தோல்வியா என்று லிச்செஸ் சொல்லிவிடும். ஊகம் இல்லை, முழுக்கக் கணக்கிட்டு முடித்த விடை. ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிஸிஜி என்ற தொகுப்பு இது. ஏழு காய் வரை 2018-இல் கணக்கிட்டு முடித்தார்கள். ஐந்து காய்க்கு ஏறத்தாழ ஒரு ஜிபி போதும், ஏழு காய்க்குப் பல டெராபைட் வேண்டும். எனவே அது போனுக்குள் வராது, லிச்செஸின் சர்வரைக் கேட்டுத்தான் பதில் வரும். திண்ணையில் வராது, மேட்டுக்குத்தான் போக வேண்டும்.

வந்தாலும் கற்பவருக்கு அது நல்ல வாத்தியார் இல்லை என்பது என் கட்சி. சிஸிஜி முதலில் பார்ப்பது செக்மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதை அல்ல. அடுத்து ஒரு காயை வெட்டவோ சிப்பாயைத் தள்ளவோ எவ்வளவு தூரம் என்பதைத்தான். அதனால் சில சமயம் விசித்திரமான நகர்த்தலை முதலிடத்தில் காட்டும். முடிவு சரியாக இருக்கும், ஆனால் மனிதர் போகும் வழியாக இருக்காது. ஆடி முடித்த ஆட்டத்தைப் போட்டு எந்த இடத்தில் வெற்றி டிராவானது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிக்னல் விஷயம். பாடம் ஒன்று திறந்த பிறகு இணைப்பு அறுந்தபோது, மறுபடி இணைக்கிறேன் என்ற அறிவிப்பு கீழே வந்தது. எஞ்சின் போனுக்குள்ளேயே ஓடுவதால் பதில் நகர்த்தல் நிற்கவில்லை. அடுத்த பாடத்துக்குத்தான் இணையம் வேண்டும். செயலியில் புதிர்கள் கொஞ்சம் முன்கூட்டியே இறங்கி இருக்கும், இணையம் இல்லாமலும் போடலாம். புதிர்களில் யானை எண்ட்கேம், சிப்பாய் எண்ட்கேம் என்று தலைப்பு வாரியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. எஞ்சின் ஓட ஓடப் போன் சூடாகிறது, சார்ஜ் வேகமாக இறங்குகிறது. பழைய போன் என்றால், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மதிப்பீட்டுக் கோட்டை அணைத்து வைப்பது இரண்டு வகையில் நல்லது. பேட்டரியும் மிஞ்சும், விடையைப் பார்த்துக்கொண்டே ஆடும் பழக்கமும் வராது.

இன்னொரு குறை மொழி. பாடங்களின் விளக்கமெல்லாம் ஆங்கிலம். நகர்த்தல்களைக் கண்ணால் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் ஏன் என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணா சாலையில் பயிற்சிக்குப் பணம் கட்டும் பிள்ளைக்கு அந்த ஆள் கிடைப்பார். மலைமேல் இருக்கும் பிள்ளைக்கு மாமா லீவில் வந்தால்தான் உண்டு.

இனி அந்த ஓட்டை. லிச்செஸ் ஒவ்வொரு பாடத்தையும் எண்ட்கேம் தொடங்கிய பிறகே ஆரம்பிக்கிறது. அந்த எண்ட்கேமுக்குள் போகலாமா கூடாதா என்று கேட்கும் பாடம் அதில் இல்லை. நிஜ ஆட்டத்தில் புள்ளி போவது பெரும்பாலும் அந்த வாசலில்தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது, கடைசி ஆட்டம். குகேஷிடம் யானை, பிஷப், இரண்டு சிப்பாய். அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனிடம் யானை, பிஷப், ஒரு சிப்பாய். யானைகள் பலகையில் இருக்கும்வரை டிரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-இல் வைத்து மாற்றிக்கொள்ள அழைத்தார். குகேஷ் வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷின் பிஷப் டி5-க்கு வந்தது. டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டு, மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமல் நின்றது. பிஷப்களும் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் ராஜாவும் சிப்பாயும், இரண்டுக்கு ஒன்று. 58-ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலக சாம்பியனுக்கு ராஜா–சிப்பாய் எண்ட்கேம் தெரியாதா என்ன? மாற்றுவதற்கு முன் எண்ணிப் பார்க்கும் அந்த நொடி தவறிவிட்டது.

அதனால் நான் சேர்த்துக்கொண்ட பயிற்சி ஒன்று. யானையோ பிஷப்போ மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உள்ள நிலைகளை அட்டைப் பலகையில் வைத்து, மாற்றலாமா என்று மட்டும் கேட்பது. மாற்றிய பிறகு சாவிக் கட்டம் யாருக்கு, யார் முறை, மிஞ்சும் பிஷப் ஓரச் சிப்பாய் ராணியாகும் கட்டத்தின் நிறத்தில் இருக்கிறதா என்று சொல்லிவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். எச்-சிப்பாயும் வெள்ளைக் கட்ட பிஷப்பும் மட்டும் மிஞ்சி, எதிரி ராஜா எச்8-இல் போய் உட்கார்ந்துவிட்டால் டிராதான். எச்8 கறுப்புக் கட்டம், அந்த ராஜாவை அங்கிருந்து கிளப்பவே முடியாது. விடை சரியா என்று பிறகு மேட்டுக்குப் போய் டேபிள்பேஸில் பார்த்துக்கொள்வோம்.

பலன் இருக்கிறது, பக்க விளைவும் இருக்கிறது. பையன் இப்போது எதையுமே மாற்றிக்கொள்ள மறுக்கிறான். ஒரு யானை முழுதாக அதிகம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மாற்றினால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்ற நிலையிலும் “எண்ணிட்டு இருக்கேன் மாமா” என்று கடிகாரத்தைக் கரைக்கிறான். அதற்கும் லிச்செஸில் பாடம் இல்லை.