இரும்புப் பேழைக்குள் எண்மர்: 'ஹன்லி' திரைப்படம் பற்றி ஒரு நோக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவத்தைத் தழுவி, 1999ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட படம் 'ஹன்லி'. இயக்கியவர் ஜான் கிரே. படைத்தலைவர் டிக்சனாக ஆர்மண்ட் அசான்டேயும், தளபதி போரெகார்டாக டொனால்ட் சதர்லண்டும் நடித்துள்ளனர். போர்க்காலத்தில் எதிரிக் கப்பலொன்றை முதன்முதலாக மூழ்கடித்த நீர்மூழ்கிக் கப்பலின் கதை இது. இறையியல் மாணவர்க்கு இதில் என்ன இருக்கிறது எனச் சிலர் வினவலாம். நானும் அவ்வாறே எண்ணித்தான் பார்க்க அமர்ந்தேன்.

ஹன்லி ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள இரும்புக் குழாய். அதனுள் எவரும் நிமிர்ந்து நிற்க இயலாது. ஏழு பேர் வரிசையாக அமர்ந்து தண்டைக் கையால் சுழற்றுவர். எட்டாமவர் முன்னே இருந்து வழி நடத்துவார். 1863 ஆகஸ்டில் அது மூழ்கி ஐவரை மாய்த்தது. அக்டோபரில் மீண்டும் மூழ்கி, கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஹோரஸ் ஹன்லி உட்பட எண்மரைக் கொன்றது. பதின்மூன்று பிணங்களை வெளியேற்றிய அதே குழாய்க்குள், அதன் வரலாற்றை அறிந்தே, மூன்றாம் குழுவினர் இறங்கினர். இந்த இறங்குதலைக் காட்டுவதில்தான் படம் வெற்றி பெறுகிறது. மூச்சுக் காற்றைப் பகிர்ந்துகொள்ளும் மனிதர் ஒருவரையொருவர் எவ்வளவு சுமக்க வேண்டியிருக்கிறது என்பதை நாம் உணர்கிறோம். ஐக்கியம் என்னும் சொல்லை நாம் பிரசங்க பீடத்தில் எத்தனை எளிதாக வழங்குகிறோம் என்று எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

ஆயினும், யாருக்காக இந்தத் தியாகம்? இக்கேள்வியின் வாசலில் படம் தயங்கி நின்றுவிடுகிறது. சார்ல்ஸ்டன் முற்றுகையிடப்பட்ட நகரம் என்பதை அழுத்தமாகக் காண்கிறோம். ஆனால் அந்நகரைத் தாங்கிய தென் கரோலினா மாநில மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் 1860இல் அடிமைகள் என்பது படத்தின் நடுவிடத்துக்கு வரவில்லை. நண்பருக்காக உயிரைக் கொடுப்பது மேலான அன்பு என்று நாம் கற்பிக்கிறோம். அந்த அன்பின் வடிவம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அதனை அநீதியான ஓர் அமைப்பின் காவலுக்கு வைக்க முடியும் என்பதற்கு ஹன்லியின் எண்மரே சாட்சி. அவர்களுடைய தைரியம் பொய்யன்று. ஆனால் தைரியம் தன் நோக்கத்தைத் தானே நீதிப்படுத்திவிடாது.

இவ்விடத்தில் குருமார்களாகிய நாம் படைவீரரைக் குறைகூறி ஒதுங்கிவிட முடியாது. அடிமைத்தனத்துக்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்தவர்கள் தென்பகுதிப் பிரசங்கிமார். காமின் சாபமும் பிலேமோனுக்கு எழுதிய நிருபமும் அவர்கள் கையில் கருவிகளாயின. அடிமை உரிமை குறித்த பிணக்கில் 1845இல் தென்பகுதி பாப்திஸ்து சங்கம் தனியே உருவானது. அது பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது 1995இல். ஹன்லி கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

டிக்சனின் தங்க நாணயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1862 ஏப்ரலில் நடந்த சீலோ யுத்தத்தில் அவர்மேல் பாய்ந்த குண்டு, சட்டைப்பையிலன்று, காற்சட்டைப் பையிலிருந்த இருபது டாலர் நாணயத்தில் பட்டதால் உயிர் தப்பினார் என்பது வழக்கு. படம் வெளிவந்தபோது இது செவிவழிச் செய்தியாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் கப்பல் தூக்கப்பட்டது. மறு ஆண்டில் அவருடைய எலும்புகளின் அருகே வளைந்த நாணயம் கிடைத்தது. சீலோ என்ற பெயரும், நாளும், தம் உயிரைக் காத்தது அதுவே என்ற சொற்களும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. நாணயம் மெய்; அதை நம்பியவரோ அதனருகிலேயே இறந்து கிடந்தார்.

அந்த யுத்தகளம் சீலோ எனப் பெயர் பெற்றது அங்கிருந்த சிறியதொரு மெதடிஸ்து ஆலயத்தினால். ஆலயத்துக்கு அப்பெயர் வந்த திருமறைப் பகுதியை நாம் அறிவோம். சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியை இஸ்ரவேலர் போர்க்களத்துக்குத் தூக்கிச் சென்றனர். அது தங்களை இரட்சிக்கும் என ஆர்ப்பரித்தனர். பெட்டி பிடிபட்டது, ஏலியின் குமாரர் இருவரும் மாண்டனர். ஆண்டவரின் பாதுகாப்பைக் கையடக்கப் பொருளாக்கிக்கொள்ளும் சோதனை பழையது. ஒரு குண்டிலிருந்து தப்பியவர், அத்தப்புதலைத் தம் படையின் நீதிக்கு அத்தாட்சியாக வாசித்துவிடுவதும் அதே சோதனைதான். டிக்சன் அவ்வாறு வாசித்தாரா என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை. நம் சாட்சிக் கூட்டங்களில் அவ்வாறு வாசிப்பவர் உண்டு.

1864 பிப்ரவரி 17 இரவில் ஹவுசட்டானிக் என்னும் கப்பல் மூழ்கியது. அதில் மாண்டவர் ஐவர். ஆழம் குறைந்த கடலாதலால் ஏனையோர் பாய்மரக் கயிறுகளில் ஏறிப் பிழைத்தனர். ஹன்லி திரும்பவில்லை. படம் அந்த இறுதி நேரத்தைக் கற்பனையால் நிரப்புகிறது. அதைக் குறையென்று சொல்லேன். பின்னர் கப்பலைத் திறந்தவர்கள் கண்டது வேறொன்று. எண்மரும் பெரும்பாலும் தத்தம் இடங்களிலேயே இருந்தனர். எலும்புகளை ஆராய்ந்ததில் அவர்களில் நால்வர் ஐரோப்பாவில் பிறந்தவர் என்றும் தெரிந்தது. எவருடைய நாட்டுக்காக, எவருடைய வீட்டுக்காக அவர்கள் இறங்கினார்கள் என்ற வினா இதனால் மேலும் கூர்மையாகிறது.

2004 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் அவர்களைப் பழைய கொடிகளோடு அடக்கம் செய்தார்கள். மாணவர்க்கு இப்படத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர், முதலில் 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தை வாசிக்கச் செய்து, படம் முடிந்தபின் ஒரு வேலை கொடுக்கலாம்: அந்த அடக்க ஆராதனைக்கு உங்களை அழைத்திருந்தால், எண்மரின் குடும்ப வழியினரும் அடிமைகளின் வழிவந்தோரும் ஒருமித்து அமர்ந்து கேட்கத்தக்க பிரசங்கம் ஒன்றை எழுதுங்கள். என் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னபோது, இரண்டு வாரம் கழித்தும் ஒருவர் மட்டுமே தாளைத் தந்தார். அதிலும் முடிவுரை எழுதப்படாமல் இருந்தது.