குழலுக்கும் குண்டுக்கும் இடையில்

1759 பிப்ரவரி 9. புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை முற்றுகையிட்டிருந்த நேரம். பரங்கிமலையில் மேஜர் கெய்லாட்டின் படையும், மருதநாயகம் என்று நாம் அறியும் கான் சாகிபின் சிப்பாய்களும் பிரெஞ்சுக்காரர்களோடு பகல் முழுவதும் மோதினார்கள். இன்று பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் போகும் மின்சார ரயில்கள் கடக்கிற நிலம் அது. இரு தரப்புக் காலாட்படைக்கும் முதன்மை ஆயுதம் மஸ்கட். வரிப்பள்ளம் வெட்டாத வழுவழுப்பான குழல். வாய் வழியே போட்டுக் கெட்டிக்கும் கரிமருந்து. அதன் மேல் ஓர் ஈய உருண்டை.

அந்த உருண்டை ஏன் நேராகப் போவதில்லை என்று கண்டறிந்த கணிதமேதை பெஞ்சமின் ராபின்ஸ், அதற்கு ஏழரை ஆண்டுகளுக்கு முன்புதான் இதே கடற்கரையில் காலமாகியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இங்கே வந்தவர், 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். இன்றும் பழைய நாட்டுத் துப்பாக்கிக்குக் குண்டு தேர்ந்தெடுப்பவர் அவர் சொன்ன உண்மைக்கு முகம்கொடுத்தே ஆக வேண்டும்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். குழலைவிடச் சிறிய குண்டைப் போடுவதுதான் படைகளின் மரபு. பிரிட்டிஷாரின் ‘பிரவுன் பெஸ்’ மஸ்கட்டின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. குண்டின் விட்டமோ சுமார் 17.5 மி.மீ., எடை ஏறக்குறைய 32 கிராம். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. இதற்கு வலுவான காரணம் உண்டு. கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் கரியும் உப்புமாகவே தங்கிவிடுகிறது. சில வெடிகளிலேயே குழலின் உட்சுவரில் அழுக்கு படிந்து வழி குறுகும். இறுக்கமான குண்டு பாதியில் சிக்கிக்கொள்ளும். தளர்வான குண்டு தடையின்றி இறங்கும். காகிதத் தோட்டாவைக் கடித்துக் கிழித்து நிமிடத்துக்கு மூன்று முறை சுடப் பழகிய சிப்பாய்க்கு வேகம்தான் முக்கியம். எதிரே தோளோடு தோள் உரச நிற்கும் வரிசையில் எவர் மேல் பட்டாலும் சரி என்ற போர்முறைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

ஒரே இலக்கைக் குறிபார்த்துச் சுடும்போது இந்த இடைவெளியே பகையாகிறது. வாயு குண்டைச் சுற்றிக் கசிந்து வீணாகும். குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டே வரும். கடைசியாக எந்தச் சுவரை உரசியதோ அதற்கேற்ப ஒரு சுழற்சியைப் பெறும். ராபின்ஸ் இதை அழகான சோதனையால் காட்டினார். ஒரு மஸ்கட் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்து, வரிசையாக நிறுத்திய மெல்லிய காகிதத் திரைகளின் வழியே சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கமே சென்றது. பிறகு காற்றில் வளைந்து வலப்பக்கம் தாண்டியது. வளைந்த குழலின் வலச்சுவரை உரசி உருண்டதால் பெற்ற சுழற்சியே காரணம் என்றார். துப்பாக்கி இயல் பற்றிய அவருடைய நூலை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்ற கணிதமேதை ஆய்லர் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக இல்லாததே காரணம் என்றார். காலம் ராபின்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் கையால் வார்த்த குண்டில் குமிழியோ வெட்டுத்தழும்போ இருந்தால் அதுவும் பாதையைக் கெடுக்கும் என்பதால், ஆய்லரின் ஐயத்திலும் பயன் இருக்கிறது.

ஆகவே குறை உருண்டையிடம் மட்டும் இல்லை. அதைத் தளர்வாக விடும் பழக்கத்திடமும் இருக்கிறது. குண்டைச் சிறிதாகவே எடுத்து, இடைவெளியைக் கொழுப்பு தடவிய பருத்தித் துணியால் நிரப்பினால் பாதிச் சிக்கல் தீர்கிறது. துணி வாயுவை அடைக்கும், குண்டை நடுவில் பிடித்துவைக்கும், ஈயம் இரும்பில் படியாமலும் காக்கும். வாய்வழித் துப்பாக்கிகளுக்கான பன்னாட்டுப் போட்டிகளில் வழுவழுக் குழல் மஸ்கட்டுக்கு வைக்கும் தூரம் 50 மீட்டர். அந்தத் தூரத்தில் நல்ல கையும் பொருத்தமான குண்டும் சேர்ந்தால் மதிக்கத்தக்க குறி கிடைக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் எந்தத் துணியும் உதவாது. சுழற்சியைக் கட்டுப்படுத்த வரிப்பள்ளம் இல்லாத குழல் அதன் எல்லையைக் காட்டிவிடும்.

செங்கல்பட்டு, தாம்பரம் வட்டாரத்து நாட்டுத் துப்பாக்கியின் கதை வேறு. நரிக்குறவர் குடும்பங்கள் முயலுக்கும் பறவைக்கும் எடுத்துப்போன துப்பாக்கியில் ஒற்றைக் குண்டைவிட ரவைக்கே இடம் அதிகம். குழலில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மேலே மறுபடி நார் வைத்து, கடைசியாக மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைப் பொருத்துவார்கள். குண்டை நேர்கோட்டில் செலுத்தாத குழலுக்குப் பரவிப் போகும் ரவை என்பது அனுபவம் கற்றுத்தந்த சரியான தேர்வு. ஆனால் ரவைக்கும் ஒரு விலை உண்டு. சேற்றில் தங்கும் ஈய ரவையை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை விதித்தது. பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டைக்கு இடமே இல்லை, இருக்கவும் கூடாது.

கடுமையாகக் கண்டிக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஈயம் கிடைக்காதபோது சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸைக் குழலில் கொட்டுவது. கால் அங்குல எஃகு பால்ரஸ் ஏறக்குறைய ஒரு கிராம். அதே அளவு ஈயம் ஒன்றரை கிராம். எடை குறைவதால் வேகத்தைக் காற்றிடம் சீக்கிரம் இழக்கிறது. ஈயம்போல நசுங்கிக்கொடுக்காத எஃகு குழலின் உட்சுவரைக் கீறுகிறது. பாறையில் பட்டால் எந்தத் திசையிலும் தெறிக்கிறது. பாதை பழகிய வயல்வெளியிலேயே இது ஆபத்து என்றால், வீடுகள் நெருங்கிவிட்ட வண்டலூர், முடிச்சூர் பக்கத்தில் இதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சரியான தேர்வு அளவெடுப்பதில் தொடங்குகிறது. துப்பாக்கியின் மேல் 12 என்று பொறித்திருந்தால், ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்க்கும் அளவு என்று பொருள். விட்டம் சுமார் 18.5 மி.மீ. பதினாறு என்றால் 16.8 மி.மீ. ஆனால் கையால் செய்த நாட்டுக் குழலில் பொறித்த எண்ணை நம்ப முடியாது. வாய்ப்பகுதி கம்பி உரசி உரசி அகன்றிருக்கும், அடிப்பகுதி துருவால் அரித்திருக்கும். வாயில் மட்டும் அளந்து குண்டு வாங்கினால் பாதியில் சிக்கும். மருந்தின் மேல் உட்காராமல் நடுவழியில் நிற்கும் குண்டுதான் குழலைப் பிளக்கிறது. கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு கீறிவைத்து, ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வாயோடு சமமாக இறங்கியதா என்று பார்ப்பது எளிய காவல். கலப்படமில்லாத மென் ஈயம், கரிமருந்து மட்டும், புகையில்லா மருந்து ஒருபோதும் கூடாது: இவற்றில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.

இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த பழங்குழலுக்கு இந்த அறிவுரைகூடப் போதாது. பற்றவைப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் துருவைக் கண் காணாது. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே விலக்கு தருகிறது. சுடக்கூடியதாக இருந்தால், எத்தனை தலைமுறை பழையதானாலும் உரிமம் வேண்டும்.

இவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்தால், உரிமமும் நல்ல குழலும் பாதுகாப்பான சுடுதளமும் உள்ளவருக்குத் துணி சுற்றிய மென் ஈய உருண்டையே சிறந்த தேர்வு, அதுவும் 50 மீட்டருக்குள். தாத்தா விட்டுப்போன, உள்நிலை தெரியாத துப்பாக்கி வீட்டில் இருப்பவர் குண்டு தேடுவதை விட்டுவிட்டு, முதலில் உள்ளே பழைய மருந்து கெட்டித்துக் கிடக்கிறதா என்று ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் சோதிக்கச் செய்ய வேண்டும். கெட்டித்தபடியே மறந்துபோன கரிமருந்து, ஈரம் படாமல் இருந்தால், பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும்.