கோணேசர் கல்வெட்டும் தெய்வநீதியும்

கவிராச வரோதயன் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, பெயரால் கல்வெட்டாயினும் ஏட்டுச் சுவடியாக வழங்கிவந்த நூலாகும். செய்யுளும் உரைநடையும் விரவிய இந்நூல், குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணிகளையும், திருகோணமலையைச் சூழ்ந்த பற்றுகளில் வாழ்ந்தோர்க்கு அவன் வகுத்த கோயிற்கடமைகளையும் கூறுகின்றது. இறக்கக்கண்டி அமைந்துள்ள வடகரைப் பகுதி, அப்பற்றுகளுள் ஒன்றான கட்டுக்குளப்பற்றைச் சேர்ந்ததாகும்.

கடமை தவறுவோர்க்குக் கேடு விளையும் என்று நூல் எச்சரிக்கின்றது. இதனைப் பழங்கால மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், நூல் தெய்வத்தின் சினத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தொழும்பாளரிடையே எழும் வழக்குகளைத் தீர்த்தற்கு மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் அழைத்துவரப்பட்டு வன்னிபமாக நியமிக்கப்பட்டதாகவும் அது கூறுகின்றது. ஏடு கடமையை வரையறுத்தது. வன்னிபம் வழக்கைத் தீர்த்தது. அவ்விரண்டுக்கும் அகப்படாத குற்றமே தெய்வத்துக்கு விடப்பட்டது. ஆகவே, இங்குத் தெய்வநீதியை வேண்டுதல் மனித நீதியைக் கைவிடுதல் அன்று. 1872ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யை எழுதிய ஆறுமுக நாவலரும், கோயில்களில் நிகழ்ந்த சீர்கேடுகளை இறைவனிடம் முறையிடுவதோடு நில்லாது, ஊரறிய அச்சிட்டு வெளியிட்டார்.

எனினும், கல்வெட்டின் நீதிக்கு ஓர் எல்லை உண்டு. கோயிலுக்கு மக்கள் ஆற்றவேண்டிய தொழும்பே அதன் முதன்மைப் பொருள். வாயிலில் நிற்கும் அடியவனுக்குக் கோயிலார் ஆற்றவேண்டிய கடன் அன்று. பூசை தவறாது நடந்தும் கதவு அடைபட்டிருப்பின் அது குற்றமா என்னும் வினா அந்நூலில் எழவில்லை. அவ்வினாவை எழுப்பியோர் பிற்காலத்து ஒடுக்கப்பட்ட மக்களேயாவர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் வழி திறவாமையால், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். சட்டம் இருந்தது, கடவுளும் உள்ளே இருந்தார், இடையில் நின்றவர்கள் சமயத்தின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர்.

அவ்வாயிலில் அமர்ந்தோரின் வேண்டுதல், தீயோரைத் தெய்வம் தண்டிக்கட்டும் என்னும் சாபத்தினும் மேலானது. கோயிலின் கடமை யாது என்பதையே அது புதிதாக வரையறுத்தது. கோணேசர் கல்வெட்டை இன்று கற்போர், அது விதித்த தொழும்புகளோடு, அது விதிக்கத் தவறிய இக்கடமையையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.