சொல்லில் இல்லாத அதிகாரம்

ஆட்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. 'கால்', 'சம்மன்', 'கன்வீன்', 'கன்வோக்', 'அசெம்பிள்', 'மஸ்டர்' என்று போய்க்கொண்டே இருக்கும். இவற்றுக்கிடையே வரப்புப் போட்டுத் தருவதற்கென்றே அங்கே ஒரு நூல்வகை வளர்ந்திருக்கிறது. பிரான்சில் கிரார் பாதிரியார் 1718இல் இப்படியொரு நூலை வெளியிட்டார். அவர் வழியில் ஜான் டிரஸ்லர் 1766இல் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்டினார். 1816இல் ஜார்ஜ் கிராப், 1942இல் மெரியம் வெப்ஸ்டர் நிறுவனம் என்று வரிசை தொடர்ந்தது. 1852இல் வந்த ரோஜேயின் தெசாரஸ் இந்த வகையில் சேராது. அது சொற்களைக் கொத்துக் கொத்தாகக் குவித்துவைத்ததோடு சரி, எது எங்கே பொருந்தும் என்று சொல்லும் பொறுப்பை ஏற்கவில்லை.

பிரித்துச் சொல்லும் அகராதிகள் தரும் தீர்ப்பு ஏறக்குறைய இதுதான். அதிகாரம் உள்ளவர் ஆணையிட்டு வரவழைப்பது 'சம்மன்'. ஆலோசிக்கவோ சட்டமியற்றவோ ஓர் அவையைக் கூட்டுவது 'கன்வோக்'. அதையே கொஞ்சம் விறைப்பைக் குறைத்துச் சொன்னால் 'கன்வீன்'. ஒரு கூட்டத்தை மொத்தமாகக் காட்டவோ பயன்படுத்தவோ திரட்டுவது 'மஸ்டர்'. இவை எல்லாவற்றிலும் சாதாரணமானது 'கால்'.

இந்தப் பிரிப்பினால் பயன் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிறந்தநாள் விருந்துக்கு நண்பர்களை 'சம்மன்' செய்தேன் என்று எழுதவிருக்கும் மாணவரை இதுதான் தடுத்து நிறுத்துகிறது. 'மஸ்டர்' பற்றிய விளக்கம் இன்னும் நுட்பமானது. காட்டுதல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. படைவீரர்களை வரிசையில் நிறுத்தித் தலையெண்ணிப் பார்ப்பதற்கு வழங்கியது. ஊரக வேலைத்தளங்களில் ஆள் கணக்கு வைக்கும் 'மஸ்டர் ரோல்' நம் மக்களுக்குத் தெரிந்த பெயர்தான். வந்தவரை எண்ணிக் காட்டுவது என்ற பழைய பொருள் அதில் அப்படியே இருக்கிறது. தைரியத்தையும் ஆதரவையும் 'மஸ்டர்' செய்வது ஏன் என்பதும் இதனால் விளங்கிவிடுகிறது. சிதறிக் கிடப்பதைத் திரட்டி ஒன்றாக நிறுத்துவதுதானே இரண்டும்.

சிக்கல் மற்ற சொற்களில்தான். அதிகாரம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருப்பதாக இந்த அகராதிகள் எடுத்துக்கொள்கின்றன. 'சம்மன்' உச்சியில், 'கால்' அடியில் என்று படிக்கட்டு கட்டிவிடுகின்றன. சட்ட நூல்களைத் திறந்தால் அந்தப் படிக்கட்டு நிற்பதில்லை.

அமெரிக்க அரசமைப்பையே பாருங்கள். காங்கிரஸ் ஆண்டுக்கு ஒரு முறையாவது கூடவேண்டும் என்ற இடத்தில் 'அசெம்பிள்' வருகிறது. அசாதாரணமான வேளையில் குடியரசுத் தலைவர் இரு அவைகளையும் கூட்டலாம் என்ற இடத்தில் 'கன்வீன்'. திருத்தங்களை முன்மொழிய ஒரு மாநாட்டைக் கூட்டுவதற்கு 'கால்'. 1948 ஜூலையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் கட்சி மாநாட்டு மேடையில் நின்று, 26ஆம் தேதி காங்கிரஸைத் திரும்பக் கூட்டப்போவதாக அறிவித்தார். அரசமைப்பு அவருக்குக் கொடுத்த சொல் 'கன்வீன்'. மேடையில் அவர் வாயில் வந்தது 'கால்'. அதனால் உறுப்பினர்களுக்கான கட்டாயம் கடுகளவும் குறையவில்லை, சொன்ன நாளில் அவை கூடியது.

நம் அரசமைப்பின் 174ஆம் பிரிவு எதிர்ப்பக்கச் சான்று. ஆளுநர் சட்டப்பேரவையைக் கூட்டுவதை அது 'சம்மன்' என்றே சொல்கிறது. அகராதிக் கணக்கில் இதற்குமேல் அதிகாரமான சொல் இல்லை. அருணாசலப் பிரதேச ஆளுநர், 2016 ஜனவரி 14இல் தொடங்கவிருந்த கூட்டத்தொடரை, அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமலே 2015 டிசம்பர் 16க்கு முன்னே இழுத்தார். நபாம் ரெபியா வழக்கில் 2016 ஜூலை 13இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அமைச்சரவை சொல்லாமல் ஆளுநர் தம் விருப்பப்படி பேரவையைக் கூட்ட முடியாது. ஆக, பெயரில் 'சம்மன்', நடைமுறையில் அமைச்சரவை நீட்டும் கோப்பில் கையெழுத்து.

அழைக்கப்படுபவர் பக்கம் இருந்தும் பார்க்கலாம். நீதிமன்ற சம்மனைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் அடுத்து பிடியாணை வரும். பேரவை உறுப்பினருக்கும் 'சம்மன்'தான் போகிறது. அவர் அவையின் அனுமதி பெறாமல் 60 நாள் வராதிருந்தால்தான் இடம் காலியென்று அறிவிக்கும் உரிமை அவைக்கு உண்டு. அதுவும் அவை விரும்பினால். வினை ஒன்றே, விளைவுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மறுபுறம், அடித்தட்டில் வைக்கப்பட்ட 'கால்' என்பதிலிருந்து பிறந்ததுதான் 'கால்-அப்'. 1939இல் பிரிட்டன் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தபோது மக்கள் பேச்சில் அதற்கு அதுவே பெயர். மறுத்தால் சிறை.

அதிகாரம் அழைப்பவரின் பதவியிலும், அதற்குப் பின்னால் நிற்கும் சட்டத்திலும் இருக்கிறது. வினைச்சொல் உண்மையில் சுமப்பது வேறு: இலக்கணம். இதைத்தான் அந்த அகராதிகள் போகிற போக்கில் விட்டுவிடுகின்றன, எனக்கு இதுவே பெரிய குறை. தனி ஒருவரை 'சம்மன்' செய்யலாம். தனி ஒருவரைக் 'கன்வீன்' செய்ய இயலாது. குழு தானாகவே 'கன்வீன்' ஆகும், 'அசெம்பிள்' ஆகும். தானாக 'கன்வோக்' ஆகாது, யாராவது கூட்டித்தான் ஆகவேண்டும். காரணம் வேரிலேயே இருக்கிறது: ஒன்று சேர்ந்து வருவது, மற்றது சேர்த்துக் கூப்பிடுவது. 'கால்' என்பதற்கு ஆளும் செயப்படுபொருள் ஆகலாம், கூட்டமும் ஆகலாம். விறைப்பு கூட, விறைப்புக் குறைவு என்று அளந்து சொல்வதைவிட இந்த நாலு வரி மாணவருக்கு அதிகம் உதவும்.

சொல் வழங்கும் இடத்தையும் அந்த அகராதிகள் போதுமான அளவு பார்ப்பதில்லை. 'கன்வோகேஷன்' என்றால் ஆக்ஸ்போர்டில் வேந்தரைத் தேர்ந்தெடுக்கும் பட்டதாரிகள் அவை. நம் ஊரில் கறுப்பு அங்கி மாட்டிப் பட்டம் வாங்கும் விழா.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு 1987இல் கொண்டுவந்த கோபில்ட் அகராதி இந்தக் கோணலைப் பெருமளவு நேராக்கியது. எழுத்திலும் பேச்சிலும் உள்ள பெரும் தொகுப்பைக் கணினியில் ஏற்றி, ஒரு வினை எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்று பார்த்து, முழு வாக்கியமாகவே பொருள் சொன்னது. அதற்காகப் பழைய வகை நூல்களைத் தூக்கிப் போடச் நான் சொல்லவில்லை. சொல்லின் வேரையும் தொனியையும் உணர்த்துவதில் அவற்றுக்கு ஈடு குறைவு. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்தான்: இந்தச் சொற்களைத் தரவரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். யாரைக் கூட்டுவது, ஒருவரையா பலரையா, அவர்கள் தாமே கூடுவார்களா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வையுங்கள். 'கன்வோக்' மட்டும் தெரியாமல் போனாலும் குடி முழுகிவிடாது. அது வரவேண்டிய இடமெல்லாம் 'கன்வீன்' வந்து நிற்கும்.