கான்ட்ரா ஆட்டத்தில் அழைப்புரை: அளவும் அமைதியும்

வாய்மொழி இலக்கியத்தை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் நேரும் இடர்ப்பாடு, எழுத்திற் பதிந்த பகுதியையே முழுமையெனக் கொண்டுவிடுதலாகும். சொல் ஏட்டில் இருக்கும். அச்சொல் எப்பொழுது ஒலித்தது, எதனை முந்தி ஒலித்தது, எவ்விடத்தில் ஓய்ந்தது என்பன ஏட்டில் இரா. இவ்விடர்ப்பாட்டினை மிகத் தெளிவாகக் காட்டவல்ல ஒன்றினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அமெரிக்க நாட்டின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்துப் பகுதியில் வழங்கிவரும் கான்ட்ரா ஆட்டத்தின் அழைப்புரையே அது. இதனை இலக்கியத்தோடு சார்த்தி எண்ணலாமோ என ஐயுறுவார் உளர். சொல்லும் அளவும் கேட்போரும் உள்ள இடத்தில் திறனாய்வுக்கு இடமுண்டு என்பதே எமது துணிபு.

ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். இணையினர் பலர் இரு நெடு வரிசையாக எதிரெதிர் நிற்பர். இரண்டு இணைகள் சேர்ந்து நால்வர் கொண்ட ஒரு கூட்டாகும். பழைய ஆட்டங்கள் சிலவற்றில் மூன்று இணைகள் சேரும். இசையின் ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வோர் இணையும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து வேறோர் இணையை எதிர்கொள்ளும். இவ்வாறே வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஆட்டம் செல்லும். பிடிலும் பியானோவும் பிறவும் மேடையில் இசைக்கப்பெறும். அங்கேயே ஒருவர் நின்று, அடுத்து ஆடவேண்டிய ஆட்டக்கூறு இன்னதென முன்னரே சொல்லிவருவார். அவர் அழைப்பாளர், அவர் சொல்லுவது அழைப்புரை.

இவ்வாட்டத்தின் வேர் இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆட்டங்களில் உள்ளது. ஜான் பிளேஃபோர்டு 1651-இல் வெளியிட்ட தொகுப்பே அவற்றின் புகழ்பெற்ற முதல் அச்சுச் சான்று. கடல் கடந்த இவ்வாட்டம் நியூ ஹாம்ஷயர், வெர்மான்ட் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களில் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அதனைக் காத்தோருள் தலையாயவர் ரால்ஃப் பேஜ் (1903–1985). அவர் நடத்திய ‘நார்தர்ன் ஜங்கெட்’ என்னும் இதழ் 1949 முதல் 1984 வரை வெளிவந்தது. 1960-களில் டட்லி லாஃப்மன் இளைஞர் கூட்டத்தை இதன்பால் ஈர்த்தார். டெட் சனெல்லா 1982-இல் ‘பாலன்ஸ் அண்ட் ஸ்விங்’ என்னும் நூலை வெளியிட்டார். வரலாறு இவ்வளவில் நிற்க.

இனி அளவினை நோக்குவோம். வழக்கமான மெட்டு ஒன்றில் 32 இசைக்கட்டங்கள் உண்டு. கட்டத்திற்கு இரண்டு தட்டாக 64 தட்டு. முற்பாதியில் ஒரு பகுதி இருமுறையும், பிற்பாதியில் மற்றொரு பகுதி இருமுறையும் வரும். ஆதலின் பதினாறு பதினாறு தட்டாக நான்கு கூறுகள் அமையும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காலடி. ஆட்டக்கூறுகள் பெரும்பாலும் எட்டுத் தட்டு அல்லது பதினாறு தட்டு அளவின. நிமிடத்திற்கு 116 தட்டென இசை செல்லுமாயின் ஒரு சுற்று ஏறத்தாழ 33 நொடியில் முடியும். பதினைந்து சுற்று ஆடினால் எட்டு நிமிடத்திற்குச் சற்று மிகும்.

அழைப்புரை இவ்வளவினுள் எங்கு நிற்கும் என்பதே வினா. ஆட்டக்கூறு தொடங்கும் தட்டில் சொல் தொடங்குமாயின் ஆடுவோர் அதனைக் கேட்டு உணர்ந்து கால்பெயர்ப்பதற்குள் இரண்டு மூன்று தட்டு கழிந்துவிடும். இசை ஓரிடத்தும் ஆட்டம் ஓரிடத்துமாகப் பிரியும். எனவே முந்திய கூறின் இறுதி நான்கு தட்டுகளில் சொல் ஒலித்து, புதிய கூறின் முதல் தட்டுக்கு முன்னே முடிதல் வேண்டும். செவி எதிர்காலத்திலும் கால் நிகழ்காலத்திலுமாக இயங்குகின்றன. ‘பாலன்ஸ் அண்ட் ஸ்விங்’ என்னும் தொடர் தன் இயல்பான அழுத்தத்தோடு இவ்விடைவெளியில் பொருந்தி நிற்பதைக் காணலாம். மிக முந்திச் சொன்னாலும் தீங்கே. ஆர்வமுடையோர் நடப்புக் கூறினை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவிவிடுவர்.

சொற்களின் வரிசையும் இதனால் அமைகின்றது. அழைப்பு என்பது விளியும் ஏவலும் சேர்ந்த ஒன்று. யாரை விளிக்கின்றோம் என்பது முன்னும், யாது செய்க என்னும் ஏவல் பின்னும் வருதல் முறை. ஏவல் முன்வரின் அது தமக்கோ பிறர்க்கோ என அனைவரும் ஒரு தட்டு தயங்குவர். அத்தயக்கம் நூறு பேரிடத்து ஒரே நொடியில் நேரும்போது வரிசை முழுவதும் குலையும். ஏட்டில் படிப்பார்க்கு இவ்விரு வரிசையும் ஒரே பொருளன. ஆடரங்கில் ஒன்று சரி, மற்றொன்று பிழை.

சான்றாகக் ‘கோரஸ் ஜிக்’ என்னும் பழைய ஆட்டத்தைக் கொள்வோம். (பெயரில் ஜிக் என்றிருப்பினும் இதன் மெட்டு ரீல் வகையினது, பெயரை நம்பி மெட்டைத் தேடுவார் ஏமாறுவர்.) முதற் பதினாறு தட்டில் முதன்மை இணையர் வரிசைகளின் புறத்தே கீழ்நோக்கிச் சென்று மீள்வர். அடுத்த பதினாறில் நடுவே சென்று மீண்டு, அடுத்த இணையைச் சுற்றி ஓரிடம் இறங்குவர். மூன்றாம் பதினாறில் தம் துணையை வலக்கையாலும், ஒரு மூலையில் நிற்பவரை இடக்கையாலும், மீண்டும் துணையை வலக்கையாலும், மறுமூலையினரை இடக்கையாலும் பற்றிச் சுழல்வர்; இதற்குக் ‘கான்ட்ரா கார்னர்ஸ்’ என்று பெயர். நான்காம் பதினாறில் துணையோடு எதிரெதிர் அசைந்து பின் சுழன்றாடுவர்.

முதல் இரண்டு கூறுகளில் அழைப்பாளர்க்கு வேலை குறைவு. எட்டுத் தட்டு போவதும் எட்டுத் தட்டு வருவதும் ஆடுவோர்க்கே விளங்கும். மூன்றாம் கூறிலேயே அவர் திறம் வெளிப்படும். ஒவ்வொரு சுழற்சிக்கும் நான்கே தட்டு. அதில் ஆடுவோரைக் கையாற் பற்றி நடத்துவதுபோல ‘துணை வலம்’, ‘மூலை இடம்’ என்னும் அளவில் சொல் சுருங்குதல் வேண்டும். சிறந்த அழைப்பாளர் முதற் சுற்றுகளில் இந்நான்கனையும் சொல்லுவார். பின்னர், கூறின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவார். பின்னும் சில சுற்று கழிந்தால், சுழன்றாடும் இடத்திற்கு முன் ஒரே சொல். அதன்பின் அதுவும் இல்லை. இசை மட்டும் கேட்கும்.

ஆகவே ஓர் ஆட்டத்திற்கு ஓர் அழைப்புரை என்று கூறுதல் பொருந்தாது. விரிந்த உரை, சுருங்கிய உரை, ஒற்றைச் சொல், மௌனம் என ஒரே உரை தன்னைத் தானே தேய்த்துக்கொண்டு செல்கின்றது. ஆட்டநூல்கள் பெரும்பாலானவை கூறுகளை நான்கு பகுதியாகப் பிரித்து எழுதுவதோடு அமைகின்றன. அழைப்பாளர் கையிலுள்ள சிற்றட்டையிலும் அவ்வளவே இருக்கும். அவற்றைக் கொண்டு அழைப்புக்கலையை மதிப்பிடப் புகுவது, பாட்டின் முதற்குறிப்பைக் கொண்டு பாட்டை மதிப்பிடுவது போலாம். சுற்று எட்டான பின்னும் முதற் சுற்றின் உரையையே ஓயாது சொல்லிவரும் அழைப்பாளர் இசையைக் கெடுக்கின்றார். ஆடுவோரை என்றும் மாணாக்கராகவே வைத்திருக்கின்றார். எனினும் மௌனமும் கண்மூடிய மௌனமன்று. வரிசையின் கோடியில் ஒரு சுற்று வெளியே நின்ற இணை, மீளும்பொழுது இடம் மாறி நில்லாவிடின் குழப்பம் விளையும். அதனைக் கண்ட நொடியே சொல் திரும்புதல் வேண்டும்.

இசையோடு உள்ள தொடர்பு இன்னும் நுண்ணியது. மெட்டு தொடங்குமுன் பிடில்காரர் சில தட்டு வெறுந்தாளமாக இழுப்பார். ஆட்டக்காரர் இதனை விளையாட்டாக ‘உருளைக்கிழங்கு’ என்பர். முதல் அழைப்பு அவ்விழுப்பின்மேலேயே ஏறி முடிதல் வேண்டும். எத்தனை சுற்று எஞ்சியுள்ளது என்பதை அழைப்பாளர் விரல்களால் இசைஞர்க்குக் காட்டுவார். அவர்களும் அதற்கேற்ப மெட்டினை மாற்றியோ உயர்த்தியோ முடிவுக்குக் கொண்டுசெல்வர். பிற்பாதியின் முதல் தட்டில் எதிரெதிர் அசைவு வருமாயின், அத்தட்டில் அழுத்தம் விழும் மெட்டே வேண்டும். நெளிந்து செல்லும் மெட்டினை அங்கு வைத்தால் ஆட்டம் சப்பென்றாகும்.

மெட்டும் ஆட்டமும் பிரிக்கவியலாதன சிலவும் உண்டு. ‘மணி மஸ்க்’ ஸ்காத்லாந்திலிருந்து வந்த மெட்டு. நியூ இங்கிலாந்து வழக்கில் அதன் ஆட்டம் 32 கட்டமாக அன்றி 24 கட்டமாக நடைபெறும். 64 தட்டு அன்று, 48 தட்டே. கூறுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்றலின் அழைப்பு அரைத் தட்டுப் பிந்தினும் அதனை மீட்க இடமில்லை. ‘பெட்ரோனெல்லா’ என்னும் ஆட்டத்தில் வேறோர் இடர்: சுழன்று அடுத்த இடம் சேரும் இறுதியில் ஆடுவோர் இருமுறை கைதட்டுவர். அடுத்த அழைப்பு ஒலிக்க வேண்டிய இடமும் அதுவே. இக்கைத்தட்டினை வெறுக்கும் முதியோர் உளர். அவர் வெறுப்பிற்குக் காரணம் பழமைப்பற்று மட்டுமன்று என்பதை அழைப்பாளர் அறிவர்.

இனி, இக்காலத்தே பெருவழக்காடலுக்கு உரியதாகிய விளிச்சொற்களைப் பற்றிக் கூறுவோம். இணையில் இடப்புறம் நிற்பவரை ‘ஜென்ட்ஸ்’ என்றும் வலப்புறம் நிற்பவரை ‘லேடீஸ்’ என்றும் விளிப்பது நெடுநாள் வழக்கு. ஆடவர் மகளிர் என்னும் வேறுபாடின்றி எவரும் எப்பக்கமும் ஆடும் கூட்டங்கள் பெருகியபின், இவ்விளி பலர்க்குப் பொருந்தாதாயிற்று. வலப்புறம் நிற்கும் ஆடவன் தன்னை விளிக்கின்றார்களா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் மொழிபெயர்த்துக் கொள்ள நேர்ந்தது. ஆதலின் இடப்புறத்தார்க்கு ‘லார்க்ஸ்’ என்றும் வலப்புறத்தார்க்கு முதலில் ‘ரேவன்ஸ்’, பின்னர் ‘ராபின்ஸ்’ என்றும் பறவைப் பெயர்கள் வழங்கலாயின.

இம்மாற்றத்தை மறுப்போர் அளவு கெடும் என்பதனை ஒரு காரணமாகக் கூறுவர். அக்காரணம் நில்லாது. ‘ஜென்ட்ஸ்’ ஓரசை, ‘லார்க்ஸ்’ ஓரசை. ‘லேடீஸ்’ ஈரசை, ‘ராபின்ஸ்’ ஈரசை. முதலெழுத்துகளும் ஆங்கிலத்தில் இடம், வலம் என்பவற்றின் முதலெழுத்துகளோடு ஒத்து நினைவுக்கு உதவுகின்றன. பழகிய ஏவல் எதுவாயினும் அதன்முன் புதிய விளியை ஒட்டினால் ஒரு தட்டும் மிகாது, குறையாது. உண்மையான இடர் ஒன்றே: ‘லார்க்ஸ்’, ‘லேடீஸ்’ என்னும் இரண்டும் லகரத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்தாரைக் குறிக்கின்றன. பழைய செவியுடையார் முதலொலி கேட்டவுடனே தவறான பக்கம் கால் பெயர்ப்பர். இஃது ஒரு தலைமுறையில் தீரும் இடர்.

இதற்கு மாறாக, அளவினை உண்மையிலேயே பாதித்த மாற்றம் ஒன்றுண்டு. இருவர் ஒருவரையொருவர் நோக்கிக் கைப்பற்றாது சுற்றிவரும் கூறு ‘ஜிப்சி’ எனப்பட்டது. அச்சொல் ரோமானி மக்களை இழிப்பதாகும் எனப் பலர் உணர்ந்தமையின், கடந்த பத்தாண்டுகளில் ‘ரைட் ஷோல்டர் ரவுண்ட்’ என்பது பரவிற்று. இரண்டு அசை நின்ற இடத்தில் நான்கு அசை. அழைப்பாளர் ஏறத்தாழ ஒரு தட்டு முந்தித் தொடங்க வேண்டியவராயினார். யாம் இதனைக் குறையெனக் கூறவில்லை. எந்தத் தோளைச் சார்ந்து சுற்றுவது என்பதையும் புதிய பெயரே சொல்லிவிடுதலின், ஆட்டத்திற்கு முன் நடத்திக் காட்டும் பயிற்சியில் ஒரு விளக்கம் மிச்சமாகின்றது. இழந்த தட்டு அங்கே ஈடாகிறது.

விளியையே நீக்கி, நிற்கும் இடத்தையும் ‘துணை’, ‘அண்டை’ என்னும் உறவையும் மட்டும் கொண்டு அழைக்கும் முறையும் உண்டு. வட்டமும் வரிசையும் மிக்க ஆட்டங்களில் இது நன்றே இயலும். நால்வருள் இருவர் மட்டும் நடுவே கைப்பற்றி இடம் மாறும் சங்கிலிக் கூறு வருமிடத்து, ஒரு சொல்லால் முடிவது ஒரு தொடராக நீள்கின்றது. இதனை எல்லா ஆட்டத்திற்கும் விதியாக்குவோர் அளவினை மறந்தனர் என்றே கருதுகின்றோம்.

ஈண்டுக் கோரஸ் ஜிக்கினை மீண்டும் எண்ணுதல் தகும். பழைய விளிகளே மரபு, அவற்றை மாற்றின் மரபு அழியும் என்போர் போற்றும் ஆட்டங்களுள் அது ஒன்று. அதன் 64 தட்டினையும் யாம் மேலே கூறினோம். முதன்மை இணையர், துணை, மூலை என்பனவே அதன் விளிகள். ‘ஜென்ட்ஸ்’ என்றோ ‘லேடீஸ்’ என்றோ ஒருமுறையேனும் சொல்லாமல் அதனைத் தொடக்கமுதல் இறுதிவரை அழைத்து முடிக்கலாம்.